புதுப்பிப்பு: வசம்பு கணக்கு சரியாகிவிட்டது

திருநெல்வேலி டவுனில் மாமாவின் நாட்டு மருந்துக் கடை பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். வசம்பு மூட்டையாகக் கிடக்க, பில் மென்பொருள் ‘இருப்பு இல்லை’ என்றது. ஒரே சரக்கு மூன்று பெயர்களில் பதிவாகியிருந்ததுதான் காரணம்.

சரி, இப்போது தீர்ந்தது. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி (W3C) அமைப்பு 2009-இல் பரிந்துரைத்த, சொற்களையும் அவற்றின் தொடர்புகளையும் ஒழுங்காகப் பதிவதற்கான எஸ்.கே.ஓ.எஸ். (SKOS) முறையை எடுத்துக்கொண்டோம். ஒரு சரக்குக்கு ஒரே அடையாளம். அதற்கு ஒரு மொழியில் ஒரு முதன்மைப் பெயர், மாற்றுப் பெயர்கள் எத்தனையும் இருக்கலாம். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று தேடினாலும் வசம்பு வருகிறது.

பெயர்களைச் சேர்த்ததுதான் பெரிய வேலை. கடையில் நெடுங்காலமாக நிற்கும் அண்ணாச்சியிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். “ராத்திரியில வசம்புன்னு கேக்க மாட்டாவ தம்பி, பேர் சொல்லா மருந்துன்னுதான் கேப்பாவ” என்றார். இது எங்கள் கணக்குப் புத்தகம் எதிலும் இல்லை. அவர் ஓய்வெடுக்கும் முன் எழுதிவைத்ததில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

ஒரு தவறும் நடந்தது. கருஞ்சீரகத்தைச் சீரகத்தின் வகையாகப் போட்டுவிட்டேன். இரண்டும் வேறு வேறு செடி. அண்ணாச்சிதான் பிடித்தார், இப்போது தனித்தனியாகப் பிரித்தாயிற்று.

மென்பொருள் எது என்று கேட்டவர்களுக்கு: முதலில் எக்செல் தாளே போதும். சரக்கு எண், முதன்மைப் பெயர், மாற்றுப் பெயர் என மூன்று பத்திகளில்தான் நாங்களும் தொடங்கினோம்.