எவிட்டர்னிட்டி போட்டாலும் பழைய டூம் முதல் மேப்தான் வருகிறது, ஏன்?

மொட்டைமாடி_மாரத்தஹள்ளி

வணக்கம் மக்களே. எஸ்.பி. ரோட்டில் செகண்ட்ஹேண்டில் வாங்கிய லேப்டாப், ஐ3, 4 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இதில் புது கேம் எதுவும் நகராது, அதனால் ஆபீஸ் சீனியர் ஒருத்தர் டூம் என்ற பழைய துப்பாக்கிச் சண்டை கேமுக்கு ரசிகர்கள் செய்த எவிட்டர்னிட்டி மேப் தொகுப்பை ஆடிப் பார் என்றார். ஸ்டீமில் டூம் வாங்கியாச்சு, டூமை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டுகிற ஜீசெட்டூம் எஞ்சினை இறக்கியாச்சு, எவிட்டர்னிட்டியின் வாட் கோப்பை (மேப், படம் எல்லாம் இருக்கிற கோப்பு) அதன் மேல் இழுத்துப் போட்டால் தலைப்புப் படம் புதுசாக வருகிறது, ஆனால் ஆட்டத்தைத் தொடங்கினால் அதே 1993 டூமின் முதல் மேப். கூடவே புரூட்டல் டூம் என்ற மாடும் (ரசிகர்கள் கேமில் செய்த மாற்றம்) போட்டிருக்கிறேன், அதை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் இதே கதைதான். நான் தங்கியிருக்கிற பிஜி ஹாஸ்டலில் வைஃபை இருக்கிற லட்சணத்துக்கு மறுபடி டவுன்லோட் பண்ணச் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ்.

அல்சூர்_ஏரிக்கரை

டவுன்லோடில் குறை இல்லை தம்பி. எவிட்டர்னிட்டி டூம் 2-க்குச் செய்தது, நீங்கள் அதை டூம் 1 மேல் ஓட்டுகிறீர்கள். முதல் டூமில் மேப்புகளுக்குப் பெயர் எபிசோட் கணக்கில் இருக்கும், இ1எம்1 என்கிற மாதிரி. டூம் 2-ல் மேப்01 முதல் மேப்32 வரை நேர் வரிசை. எவிட்டர்னிட்டிக்குள் இருப்பது மேப்01 என்ற பெயர், அதனால் இ1எம்1 மாறாமல் அப்படியே நிற்கிறது. தலைப்புப் படத்துக்கு மட்டும் இரண்டு கேமிலும் ஒரே பெயர், அதுதான் மாறிவிடுகிறது.

ஸ்டீமில் இப்போது இரண்டும் சேர்ந்தே ஒரே கேமாக வருகிறது, அதனால் டூம்2 வாட் கோப்பு உங்களிடமே இருக்கும். கேம் ஃபோல்டரில் தேடி எடுத்து ஜீசெட்டூம் இருக்கிற இடத்தில் காப்பி பண்ணுங்கள். அடுத்த முறை திறக்கும்போது எந்த கேம் என்று ஒரு பட்டியல் காட்டும், அதில் டூம் 2-ஐத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான்.

கே.ஆர்.புரம்_கீபோர்டு

அண்ணா சொன்னது சரி. ஆனால் அந்த லேப்டாப்பில் ஜீசெட்டூமை விட்டு டிஎஸ்டிஏ-டூம் என்ற இன்னொரு எஞ்சினுக்கு வந்துவிடுவது நல்லது என்பேன். எவிட்டர்னிட்டியின் பின்பாதி மேப்புகள் பிரம்மாண்டம், ஒரே பார்வையில் அரண்மனை முழுக்கத் தெரியும், ஜீசெட்டூம் அங்கே திணறினால் ஆச்சரியமில்லை. டிஎஸ்டிஏவில் சாஃப்ட்வேர் ரெண்டரர் என்று ஒன்று இருக்கிறது, கிராபிக்ஸ் கார்டை நம்பாமல் வண்டி ஓடும். கம்பேட்டிபிலிட்டி லெவலை, அதாவது எந்தப் பழைய எஞ்சின் மாதிரி நடக்க வேண்டும் என்கிற செட்டிங்கை, 11-ல் வையுங்கள். அது எம்பிஎஃப் கணக்கு, எவிட்டர்னிட்டி அதற்காகச் செய்ததுதான்.

இந்த எம்பிஎஃப் என்ன என்று கேட்பீர்கள். டூமைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் என்ற கம்பெனி 1997 டிசம்பரில் டூமின் சோர்ஸ் கோடை வெளியிட்டது. பழைய எஞ்சினில் ஒரே காட்சியில் இத்தனை தளப்பரப்புதான் வரலாம் என்று வரம்பு உண்டு, 128-ஐத் தாண்டினால் கேமே நின்று வெளியே வந்துவிடும். 1998-ல் பூம் என்ற எஞ்சின் அந்த வரம்புகளை உடைத்தது, அதன் மேல் எழுந்தது எம்பிஎஃப், அதாவது மரைன்ஸ் பெஸ்ட் ஃப்ரெண்ட். நம்மோடு சேர்ந்து சண்டை போடும் நாய்கள்கூட அதில் உண்டு! இவ்வளவு நடந்ததால்தான் 2018-ல் டூமின் 25-வது பிறந்தநாளுக்கு 32 மேப்போடு இப்படி ஒரு தொகுப்பு வர முடிந்தது.

அல்சூர்_ஏரிக்கரை

அப்புறம் அந்த புரூட்டல் டூம். முதல் முறை ஆடும்போது அது வேண்டவே வேண்டாம். எவிட்டர்னிட்டி தனக்கென்று சில புது அரக்கர்களை வைத்திருக்கிறது, எந்த அறையில் எத்தனை தோட்டா கிடைக்கும் என்பதையும் கணக்குப் பண்ணித்தான் வைத்திருக்கிறார்கள். புரூட்டல் டூம் துப்பாக்கியையும் அரக்கர்களையும் ஒட்டுமொத்தமாக மாற்றுகிற மாட், இரண்டும் ஒரே இடத்தில் கை வைத்தால் யார் செய்த கேமை ஆடுகிறோம் என்றே தெரியாது.

மொட்டைமாடி_மாரத்தஹள்ளி

வந்துவிட்டது அண்ணா, நன்றி!! டிஎஸ்டிஏவில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. அல்ட்ரா வயலன்ஸ் என்ற கடினமான லெவலில் தொடங்கினேன், மூன்றாவது மேப்பிலேயே நாக்குத் தள்ளுகிறது. இதெல்லாம் டூமின் சாதாரண லெவலா, இல்லை மாட் செய்கிறவர்கள் வேண்டுமென்றே வதைக்கிறார்களா?

கே.ஆர்.புரம்_கீபோர்டு

இரண்டும்தான் 😄 இருபது இருபத்தைந்து வருடம் அதே கேமை ஆடியவர்கள் தங்களைப் போன்றவர்களுக்காகச் செய்தது பாஸ், 1994-ல் டூம் 2 முதன்முதலாக ஆடியவனுக்காக இல்லை. அதற்கு ஒரு படி கீழே ஹர்ட் மீ பிளென்டியில் வையுங்கள், அரக்கர்கள் குறைவாக இருக்கும். எஃப்6 குயிக் சேவ், எஃப்9 குயிக் லோடு, கூச்சப்படாமல் அழுத்துங்கள்.

அல்சூர்_ஏரிக்கரை

இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. லெவலைக் குறைப்பது சரி, ஆனால் அறைக்கு ஒரு சேவ் போட்டால் பயமே போய்விடும், பயம் போனால் டூமில் என்ன மிச்சம்? மேப்புக்கு இரண்டு மூன்று போதும். ஹெட்ஃபோன் மாட்டி ஆடுங்கள், பின்னால் கதவு திறப்பது காதில் விழுந்தாலே பாதி சாவு தப்பும், பிஜி வார்டனும் சும்மா இருப்பார். பனி மேப்புகள் வரைக்கும் எப்படியாவது போய்விடுங்கள், அதற்குப் பிறகு நீங்களாகவே நிறுத்த மாட்டீர்கள்.

மொட்டைமாடி_மாரத்தஹள்ளி

சரி அண்ணா, சேவைக் குறைக்கப் பார்க்கிறேன், சத்தியம் எல்லாம் பண்ண முடியாது. இதை முடித்த பிறகு இரண்டாம் பாகமும் இதே செட்டிங்கில் ஓடுமா?

கே.ஆர்.புரம்_கீபோர்டு

டிஎஸ்டிஏ போதும், கம்பேட்டிபிலிட்டி லெவல் மட்டும் மாறும். எவிட்டர்னிட்டி 2 வந்தது 2023 டிசம்பரில், அது எம்பிஎஃப்21 என்ற புது வகை, அதனால் 11-க்குப் பதில் 21. அதற்கும் டூம் 2 வாட்தான் வேண்டும்.