டேங்க்கில் முடிப்புழு: காப்பர் போடலாமா?

காட்பாடி_உப்புத்தண்ணி:
200 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கிற கடல்தண்ணித் தொட்டி). உப்பு அளவு (ஒப்படர்த்தி) 1.025. சோவா, மஷ்ரூம் பவளங்கள், ரெண்டு க்ளௌன் மீன், கொஞ்சம் நத்தை. லைட் அணைச்சு டார்ச் அடிச்சா கல் இடுக்கிலிருந்து இளஞ்சிவப்பில் விரல் நீளப் புழு எட்டிப் பார்க்குது. ரெண்டு பக்கமும் வெள்ளை முடி. பின்கண்ணாடி முழுக்க வெள்ளைச் சுருள் புள்ளிகள் வேற. கடையில் காப்பர் மருந்து போடச் சொல்றாங்க, போடலாமா? போன வாரம் மதியம் கரண்ட் போனப்போ அதே புழுக்கள் கண்ணாடியில் தண்ணி மட்டம் வரைக்கும் ஏறி வந்துச்சு. அது ஏன்?

பாலாறு_ரீஃப்:
காப்பரைத் தொடவே வேண்டாம். மீனின் ஒட்டுண்ணிக்குப் போடுற அளவிலேயே நத்தை, பவளம் ரெண்டும் போயிடும். சுண்ணாம்புக் கல் அதை உறிஞ்சி வச்சுக்கும், அப்புறம் அந்தக் கல் ரீஃபுக்கு உதவாது. இன்னொரு பக்கம், கல்லுக்குள்ள இருக்கிற புழு மொத்தமும் ஒரே நாளில் செத்து அழுகினா அம்மோனியா எகிறி மீனையும் கொண்டு போயிடும்.

நீங்க சொல்ற நிறத்தைப் பார்த்தா சாதாரண பிரிஸ்டில் புழு, யூரிதோ பேரினம். மிச்சத் தீனி, செத்த நத்தை, மீன் கழிவுன்னு கிடைச்சதைத் தின்னும். செத்துக்கிட்டிருக்கிற பவளத்தின் மேல இதைப் பார்த்துட்டுப் புழுதான் கொன்னுச்சுன்னு பழி போடுறவங்கதான் அதிகம். பவளத்தையே மேயுற ஹெர்மோடிசே புழு அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் பக்கத்து இனம். நம்ம பக்கம் வர்ற கல்லில் அது இருக்க வாய்ப்பு குறைவு.

கவலைப்பட வேண்டியது யூனிசேங்கிற வேற புழு. தலையில் அஞ்சு உணர்கொம்பு, உடம்பில் வானவில் மினுமினுப்பு, பக்கவாட்டில் வெள்ளை முடிக்கொத்து இருக்காது. அது தெரிஞ்சா கல்லோட வெளியே எடுத்து வேற பக்கெட்டில் போட்டுப் பிடிங்க. இழுத்து அறுத்துடாதீங்க, உள்ளே நிற்கிற துண்டு திரும்ப வளரலாம்.

கண்ணாடியில் இருக்கிற சுருள் 2-3 மில்லிமீட்டரில் தட்டையா ஒட்டிக்கிட்டிருந்தா ஸ்பைரோர்பிட், சின்னக் குழாய்ப் புழு. தண்ணியை வடிகட்டித் தின்னும், தொந்தரவு இல்லை. பார்க்கப் பிடிக்கலைன்னா பழைய பிளேடால் சுரண்டுங்க. குழாய் வெளியே நீட்டிக்கிட்டு சளி நூல் விட்டா அது வெர்மெட்டிட் நத்தை, புழுவே இல்லை. குழாயை உடைச்சு வாயில் ஜெல் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு.

காட்பாடி_உப்புத்தண்ணி:
நன்றி சார். கொஞ்சமாவது குறைக்க வழி இருக்கா? வெறும் கையால் கல்லைத் தூக்கினா குத்துமா?

வாலாஜா_டேங்க்:
நிச்சயம் குத்தும். முடி தோலுக்குள்ள உடைஞ்சு நிற்கும், எரியும், தடிக்கும். கையுறை போடுங்க. குத்திட்டா தேய்க்காம செல்லோ டேப்பை ஒட்டி உரிச்சா நிறைய வந்துடும். வீக்கம் பரவினாலோ மூச்சு திணறினாலோ டாக்டர்கிட்ட போயிடுங்க.

பொறி வைக்க மாத்திரை டப்பா போதும். பக்கவாட்டில் 5 மில்லிமீட்டரில் நாலஞ்சு ஓட்டை, உள்ளே பட்டாணி அளவு பச்சை இறால், முழுகறதுக்கு ஒரு கூழாங்கல். லைட் அணைஞ்சதும் மணல் மேல, கல்லை ஒட்டி வைங்க. ஒன்றரை மணி நேரத்தில் எடுத்துடணும். விடிய விடிய விட்டா தின்னுட்டுக் கிளம்பிடும், இறால் அழுகிக் கிடக்கும். ஆனா தீனியைக் குறைக்காம பொறி மட்டும் வச்சா வீண்: எத்தனை புழுவுக்குச் சோறு மிஞ்சுதோ அத்தனை திரும்ப வளரும். மீன் ரெண்டு நிமிஷத்தில் முடிக்கிற அளவு மட்டும் போடுங்க, உறைஞ்ச தீனியோட கரைஞ்ச தண்ணியை ஊத்தாதீங்க.

பாலாறு_ரீஃப்:
கண்ணாடி ஏறினதுக்கு வர்றேன். இந்தக் கேள்வியில் அதுதான் பெரிய விஷயம். பகலில் ஒளிஞ்சிருக்கிற புழு கூட்டமா மேலே வந்தா பெரும்பாலும் ஆக்ஸிஜன் இறங்கிடுச்சுன்னு அர்த்தம். தண்ணியைத் திருப்பி அனுப்புற ரிட்டர்ன் பம்ப், அலை கிளப்புற வேவ்மேக்கர், நுரையில் கழிவை எடுக்கிற ஸ்கிம்மர் மூணும் நின்னதும் தண்ணி மேற்பரப்பு அசையாது. நம்ம வேலூர் வெயிலில் 40 டிகிரி தாண்டுற மதியம் தண்ணியும் சூடேறும், சூடான உப்புத்தண்ணி ஆக்ஸிஜனைக் குறைவாத்தான் பிடிச்சு வைக்கும். கரண்ட் போனதும் தானா ஓடுற பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு மாட்டுங்க, இன்வர்ட்டர் இருந்தா வேவ்மேக்கரை மட்டும் அதில் போடுங்க. சம்ப் (டேங்க்குக்குக் கீழ இருக்கிற வடிகட்டித் தொட்டி) மேல ஃபேன் வச்சா ஆவியாகிச் சூடு தணியும், ஆனா உப்பு ஏறும். ஆவியான அளவை ஆர்ஓ-டிஐ (உப்பு நீக்கிச் சுத்திகரிச்ச) தண்ணியால் தினம் நிரப்பணும், போர் தண்ணியால் இல்லை.

கரண்ட் இருக்கும்போதே ஏறி வந்தா உடனே அம்மோனியா டெஸ்ட் பாருங்க. கல்லுக்குப் பின்னாடி மீனோ பெரிய நத்தையோ செத்துக் கிடக்குதான்னு தேடிட்டு, 20 சதவீதம் தண்ணி மாத்துங்க.