ஒரே குடும்பப் பெயர், டிஎன்ஏ பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாம்பன் தெற்குவாடி:
மூன்று வருஷமாக மனசில் அறுத்துக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். என் தங்கச்சியைத் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் பெண் கேட்டார்கள். நல்ல பையன், அவளுக்கும் பிடித்திருந்தது. அவர்களும் பர்னாந்து, நாங்களும் பர்னாந்து. "பங்காளி வீட்டுக்கா பொண்ணு கொடுக்கிறது?" என்று பெரியப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். எந்தத் தாத்தாவோடு பிரிந்தோம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. சரி என்று வெளிநாட்டில் இருக்கும் மச்சானிடம் சொல்லி இரண்டு கிட் வரவழைத்தேன், ஒய் குரோமோசோம் (அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற டிஎன்ஏ), 37 மார்க்கர் (ஒப்பிட்டுப் பார்க்கிற இடங்கள்). ஒன்று அப்பாவுக்கு, ஒன்று பையனுடைய அப்பாவுக்கு.

பையனுடைய அப்பா வெற்றிலை இல்லாமல் இருக்கமாட்டார். அன்றைக்குக் காலையிலிருந்து போடாமல், இரண்டு தடவை வாய் கொப்பளித்து, வல்லத்தின் விளிம்பில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டினார். நான்தான் கன்னத்துக்குள் அந்தக் குச்சியைத் தேய்த்தேன். பஞ்சு சிவப்பாக வந்துவிடுமோ என்று அவருக்கு ஒரே பயம். ரிசல்ட்டில் ஒய் வம்சப் பிரிவு எங்களுக்கு ஹெச், அவர்களுக்கு எல். ஆண்வழியில் ஒட்டே இல்லை. கல்யாணம் பண்ணலாம் என்று துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்ப உங்க தாத்தா பெட்டியை நான் யாரா நின்னு தூக்குனேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கல்யாணமும் நடக்கவில்லை.

மூக்கையூர்க்காரன்:
தம்பி, உங்கள் பெரியப்பா சொன்னதே தப்பு. ஒரே பெயர் என்றால் பங்காளி என்று வைத்தால் இந்தக் கரையில் பாதிப் பேருக்குக் கல்யாணமே நடக்காது. 1535, 36, 37 வாக்கில் பரதவர் ஊர் ஊராக ஞானஸ்நானம் வாங்கினபோது சாட்சியாக நின்ற போர்த்துக்கீசிய ஞானத்தகப்பன்மார் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள். சவேரியார் வந்ததே அதற்குப் பிறகு, 1542-இல். ஒரே ஞானத்தகப்பன் பத்து வீட்டுக்கு நின்றிருந்தால் பத்து வீடும் பர்னாந்துதான், ரத்தம் பத்து விதம். இங்கிலாந்தில் பிரையன் சைக்ஸ் என்ற பேராசிரியர் தன்னுடைய குடும்பப் பெயர்க்காரர்களையே சோதித்து 2000-இல் கட்டுரை எழுதினார். அங்கே பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு ஒரே ஒய். பெயர் தகப்பனிடமிருந்து மகனுக்கு 700 வருஷம் போன ஊரிலேயே அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு வீட்டுக்கு ஒரே ஆளைச் சோதித்தது போதாது. நடுவில் யாராவது பிள்ளையில்லாமல் அக்கா மகனை எடுத்து வளர்த்திருந்தால் போதும், பெயர் தொடரும், ஒய் மாறிவிடும். தூரத்துப் பங்காளி ஒருவரையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும், இரண்டும் ஒத்தால்தான் அது அந்தக் குடும்பத்தின் ஒய். பொருந்தாவிட்டால் 111 மார்க்கருக்குக் காசு கட்டாதீர்கள், அது பொருந்தினவர்களுக்கிடையே எத்தனை தலைமுறை என்று நெருக்கிப் பார்க்கத்தான். பங்குக் கோயில் பதிவேட்டை முதலில் பாருங்கள், ஞானத்தகப்பன் பெயர் அதில் இருக்கும். நான் என் சித்தப்பா மகனோடு பார்த்தேன், 37-க்கு 36 பொருந்தியது. என் கதை அவ்வளவுதான்.

கீழக்கரைப் பெண்:
எங்களுக்கு நேர்மாறாக நடந்தது. பெண்களுக்கு ஒய் கிடையாது என்பதால் காக்காவை (அண்ணனை) எச்சில் கொடுக்கச் சொன்னேன், ஆனால் எடுத்தது ஒய் மட்டுமல்ல, மொத்த டிஎன்ஏவும் பார்க்கிற டெஸ்ட். மரைக்காயர் என்று பெயருள்ளவர்கள் வருவார்கள் என்று பார்த்தால், மேலே வந்தது பினாங்கில் ஒருவர், 430 சென்டிமார்கன் (இருவருக்கும் ஒத்துப்போகிற டிஎன்ஏவின் அளவு). பெயரில் மரைக்காயரே இல்லை, அங்கே 'பின்' போட்டு வாப்பா பெயர் மட்டும்தான். தாத்தா அங்கே கடை வைத்திருந்தவர். தாத்தா ஒன்று, பாட்டி வேறு என்றால் அந்த அளவுதான் வரும்.

வாப்பாவுடைய உம்மாவுக்கு 88 வயது. மற்றவர்கள் சொல்லவேண்டாம் என்றார்கள், நான் போட்டோவைக் காட்டினேன். முகத்தை அதிகம் பார்க்கவில்லை. "இவனோட வாப்பா எந்த வருஷம் பொறந்தான்?" என்று கேட்டார்கள். 1956 என்றேன். விரலை மடக்கினார்கள். "அந்த வருஷம் நோன்புக்குத்தான் பணம் வரலை" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் அடுப்பை அணைத்தார்கள். அடுப்பில் ஒன்றும் இல்லை. காட்டியிருக்கக்கூடாதோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ராமேஸ்வரம் 64:
மூக்கையூர் அண்ணே, பதிவேடு பாருங்கள் என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். 1964 டிசம்பர் புயலில் எங்கள் தாத்தா வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சவில்லை, தனுஷ்கோடியில் சுவர்தான் நிற்கிறது. எங்களுக்கு இந்தக் குச்சிதான் பதிவேடு. மன்னாரில் ஒரு குடும்பத்தோடு பொருந்தி, முதல்முறை வீடியோவில் பேசினபோது அந்த அம்மா தூக்கிக் காட்டிய பழைய போட்டோவில் எங்கள் தாத்தா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

பாம்பன் தெற்குவாடி:
அண்ணே, நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும், இன்னொரு தடவை யாரிடமும் போய் வாயைத் திற என்று கேட்க என்னால் முடியாது. தங்கச்சி இப்போது வேம்பாரில் இருக்கிறாள், ஒரு குழந்தை. அந்தப் பையனுடைய அப்பா கரையில் என்னைப் பார்த்தால் இப்போதும் "அண்ணன் நல்லாருக்காரா?" என்று எங்கள் அப்பாவைத்தான் கேட்கிறார்.