ஜாவா பட்டியலிலிருந்து நல் (null) மதிப்புகளை நீக்குவது எப்படி?

ரோஸ்ஹில் மாணவர்:
வணக்கம். மொரீஷியசில் எங்கள் ஊர்க் கோவிலில் தைப்பூசக் காவடி எடுப்போரின் பதிவுக்காக ஜாவாவில் ஒரு சிறு நிரல் எழுதி வருகிறேன். எக்செல் கோப்பிலிருந்து பெயர்களை ஓர் அர்ரேலிஸ்டிலும் (அளவு மாறக்கூடிய பட்டியல்) கைப்பேசி எண்களை இன்னொன்றிலும் ஏற்றுகிறேன். எண் தராதவர்களின் இடத்தில் நல், அதாவது 'மதிப்பு ஏதும் இல்லை' என்ற குறி, வந்து விழுகிறது. எண்களின் பட்டியலை ஃபார்-ஈச் லூப்பில் சுற்றி நீக்க முயன்றால் 'கன்கரண்ட் மாடிஃபிகேஷன் எக்செப்ஷன்' என்ற பிழையோடு நிரல் நின்றுவிடுகிறது. ரிமூவ் மெத்தடுக்கு நல்லையே கொடுத்தால் ஒன்று மட்டும் போகிறது. அனைத்தையும் ஒரே முறையில் நீக்க வழி உண்டா?

எபேன் நிரலர்:
ரிமூவ் முதலில் அகப்படுவதை மட்டுமே நீக்கும். அதன் இயல்பே அதுதான். ஃபார்-ஈச் லூப்போ உள்ளுக்குள், பட்டியலை ஒவ்வொன்றாகக் கடக்கும் ஓர் இட்டரேட்டரைக் கொண்டு நடப்பதால், அதற்குத் தெரியாமல் நீங்கள் பட்டியலின் அளவை மாற்றும்போது அது முறையிடுகிறது. 2014-இல் வெளிவந்த ஜாவா 8 முதல், நிபந்தனைக்குப் பொருந்துவதை எல்லாம் நீக்கும் ரிமூவ்இஃப் இருக்கிறது. ஆப்ஜெக்ட்ஸ் வகுப்பில், ஒரு மதிப்பு நல்தானா என்று சோதிக்கும் இஸ்நல் மெத்தடை அதற்கு நிபந்தனையாகக் கொடுத்தால் ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். இட்டரேட்டரின் ரிமூவ் வழியாகவும் செய்யலாம் என்றாலும், ஒவ்வொரு நீக்கத்தின்போதும் பின்னுள்ளவை எல்லாம் ஓரிடம் முன்னே நகர்த்தப்படுவதால் பெரிய அர்ரேலிஸ்டில் அது மெதுவாகும். ரிமூவ்இஃப் அந்த நகர்த்தலை மொத்தமாகச் செய்கிறது. உங்கள் பட்டியல் அர்ரேஸ் வகுப்பின் ஆஸ்லிஸ்ட் தந்ததாக இருந்தால் அதன் அளவை மாற்ற முடியாது. முதலில் புதிய அர்ரேலிஸ்டில் நகலெடுங்கள்.

காத்ர போர்ன் வாசகர்:
அந்த வரியை இயக்குமுன் சற்றுப் பொறுங்கள். பெயரையும் எண்ணையும் இணைப்பது வரிசை இடம் ஒன்றே அல்லவா? மூன்றாமவர் எண் தரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய நல்லை நீக்கியவுடன், நான்காமவரின், 5-இல் தொடங்கும் எட்டு இலக்க எண் மூன்றாமவருடையதாகிவிடும். அவருக்குப் பின் உள்ள எல்லோருக்கும் அப்படியே. எந்த எக்செப்ஷனும் வராது, விரதம் தொடங்கும் நாளைச் சொல்லும் குறுஞ்செய்தி மட்டும் வேறு வீட்டுக்குப் போகும். லூப் நின்றுபோனது ஒரு வகையில் நல்லதே.

பெயரையும் எண்ணையும் புலங்களாகக் கொண்ட 'பதிவு' என்ற வகுப்பை எழுதி, ஒரே பட்டியலில் வையுங்கள். எண் தராதவரும் காவடி எடுப்பவர்தானே, அவரை ஏன் நீக்க வேண்டும்? செய்தி அனுப்பும் இடத்தில் மட்டும் பட்டியலின் உறுப்புகளை வரிசையாகச் செலுத்தும் ஸ்ட்ரீமில் ஃபில்டர் வைத்து, எண் உள்ளவர்களைப் பிரித்தெடுத்தால் போதும். காலியான கட்டம் சில வேளைகளில் நல்லாக அன்றி எழுத்தே இல்லாத வெற்றுச் சரமாகவும் வரக்கூடும் என்பதால் இரண்டையும் சோதியுங்கள்.

ரோஸ்ஹில் மாணவர்:
மிக்க நன்றி, வகுப்பாக மாற்றிவிடுகிறேன். ஸ்ட்ரீமின் இறுதியில் டூலிஸ்ட் போட்டுப் பெறும் பட்டியலில் பின்னர் பெயர் சேர்க்க முடியுமா?

எபேன் நிரலர்:
முடியாது. ஜாவா 16-இல் வந்த அந்த டூலிஸ்ட் தருவது மாற்ற இயலாத பட்டியல். தாமதமாகப் பதிபவர்களை மூலப் பட்டியலில் சேர்த்து, செய்தி அனுப்பும்போது மீண்டும் ஃபில்டர் செய்துகொள்ளுங்கள்.