மறு: திருவாதிரை ‘துலங்கியது’ என்று எழுதலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை நோட்டீஸ் அச்சுக்குப் போக வேண்டும், நாம் மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறோம். உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசனத்துக்கு வரும் கூட்டத்துக்கு என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் திருவாதிரை நட்சத்திரத்தைக் காட்டப்போகிறார்கள். 2019 கடைசியில் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் பாதிகூட இல்லாமல் போய், ஏப்ரல் வாக்கில் பழையபடி வந்ததே, அப்படி வருவதற்கு என்ன பெயர்? ‘மங்கல்’ சுலபமாகக் கிடைத்தது. எதிர்ச்சொல்தான் வம்பு.

> துலங்கல் இருக்க வேறு எதற்கு?

புலவர் ஐயா, துலங்கு–துலக்கு, விளங்கு–விளக்கு என்று தன்வினையும் பிறவினையும் அழகாகத்தான் அமைகின்றன. ஆனால் உளவியலில் stimulus என்பதற்குத் ‘தூண்டல்’, response என்பதற்குத் ‘துலங்கல்’; பி.எட். படித்தவர்கள் ‘துலங்கல்’ என்றதும் ‘தூண்டல்’ எங்கே என்பார்கள். திரியைத் தூண்டினால் விளக்கு துலங்கும், உளவியல்காரர்கள்தான் விளக்கிடம் இரவல் வாங்கினார்கள் என்று நீங்கள் இரண்டு பக்கம் எழுதியதை ரசித்தேன். என் பிள்ளைகளுக்குத் துலக்குவது என்றால் பல்தான்.

> பொலிவு?

சென்னை நண்பரே, அதை முகத்துக்கும் நகரத்துக்கும் கொடுத்தாகிவிட்டது. ‘பொலிதல்’ என்று பலகையில் எழுதினேன், கடைசி பெஞ்சிலிருந்து ‘பொலிகாளை’ என்று ஒரு குரல், அன்றைய பாடம் அத்தோடு சரி. ‘வெளுத்தல்’ வேண்டாம். கிழக்கும் வெளுக்கும், சாயமும் வெளுக்கும்.

‘ஒளியேற்றம்’ என்று ஐந்து பேர். ஏற்றுவது யார் என்பது ஒரு பக்கம், விண்மீனின் ஒளியைக் குறிக்கும் அளவெண்ணில் (magnitude) ஒளி கூடினால் எண் குறையும் என்பது இன்னொரு பக்கம். 1.6 போய் 0.4 ஆனதை ஏற்றம் என்றால் பிள்ளைகள் முழிக்கிறார்கள்.

அப்புறம் மண்டபம் ஊர்ப் பையன் ஒருவன், அப்பா கடலுக்குப் போகிறவர், “தெளிஞ்சிருச்சுன்னு போடலாமே சார்” என்றான். வாடை அடித்தால் வடகடல் கலங்கும், காற்று விட்டதும் தண்ணீர் தெளியும். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திருவாதிரை கக்கிய வாயு குளிர்ந்து, தூசியாகி, நம் பார்வையை மறைத்துக் கலைந்ததும் கிட்டத்தட்ட அதே கதைதானே!

> மீரா விண்மீன் ஏறத்தாழ 332 நாளுக்கு ஒருமுறை தானே விரிந்து சுருங்கி ஒளி கூடுகிறது. அங்கே எது தெளிகிறது?

நியாயமான கேள்வி ஐயா, பதில் இல்லை.

இப்போதைக்கு நோட்டீஸில் ‘ஒளி கூடியது’ என்றே போடுகிறேன். இது கலைச்சொல்லே இல்லை என்று திட்டுவீர்கள், தெரியும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘தெளிதல்’ வேண்டுமா என்று மட்டும் வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள். புலவர் ஐயா தனிமடலில் குறள் அனுப்ப வேண்டாம்.