பிள்ளைகளின் ஷெங்கன் விசா: தந்தையின் சம்மதக் கடிதம் பற்றி விவரம் தேவை

அனைவருக்கும் வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு பாரிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அதற்குத்தான் ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா. மூவரும் சிங்கப்பூர் நிரந்தரவாசிகள், ஆனால் இந்தியக் கடப்பிதழ். எதிர்வீட்டார் சிவப்பு நிறச் சிங்கப்பூர்க் கடப்பிதழோடு விசாவே இல்லாமல் பறந்துவிடுகிறார்கள். நமக்குத்தான் இந்தக் காகிதக் கட்டு!

கட்டணக் கணக்கு தெரியும்: எனக்கு 90 யூரோ, ஒன்பது வயது மகளுக்கு 45, ஐந்து வயது மகனுக்கு இலவசம். 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கைரேகையும் இல்லை. 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி எடுத்தாயிற்று. படம் எடுக்கும்போது சின்னவன் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கடைக்காரரைப் படுத்தியது தனிக்கதை.

கணவர் துபாயில் வேலை செய்கிறார், உடன் வரவில்லை. அவருடைய சம்மதக் கடிதத்துக்கு அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் சான்றொப்பம் போதுமா? அசல் கடிதம்தான் வேண்டுமா, ஸ்கேன் செய்த பிரதியை ஏற்பார்களா? விசாரித்த இரண்டு முகவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

இன்னொரு தலைவலி. குடும்பப் பெயர் என்ற இடத்தில் பிள்ளைகளுக்குக் கணவர் பெயர், எனக்கு என் அப்பா பெயர், கணவருக்கு அவருடைய அப்பா பெயர். ஒரே குடும்பம் என்று காட்டப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதுமா, திருமணச் சான்றிதழும் கேட்பார்களா?

அண்மையில் தனியாகப் பிள்ளைகளோடு விண்ணப்பித்த அம்மாக்கள் தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த வாரம் விண்ணப்ப மையத்தில் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். முகவர்களைப் பரிந்துரைக்க வேண்டாம், நன்றி.