விசிட்டர் விசா மறுக்கப்பட்ட பின் அம்மாவுக்காக மீண்டும் விண்ணப்பிப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். நான் இலண்டனில் குடும்பத்தோடு வசிக்கிறேன். பேரப்பிள்ளையைப் பார்ப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருக்கும் என் அம்மாவுக்கு விசிட்டர் விசா கேட்டு, ஆறு மாதம் தங்குவார் என்று விண்ணப்பித்திருந்தோம். அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, ஓய்வூதியம் பெறுகிறார், அப்பாவின் மறைவுக்குப் பின் சொந்த வீட்டில் என் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். விண்ணப்பத்துக்குச் சற்று முன் அவருடைய கணக்கில் நான் இட்ட பெருந்தொகை எங்கிருந்து வந்தது என்பது விளங்கவில்லை என்றும், பயணம் முடிந்து அவர் நாடு திரும்புவார் என நம்பப் போதிய காரணம் காட்டப்படவில்லை என்றும் மறுப்புக் கடிதம் கூறுகிறது. மேன்முறையீடு செய்ய இயலுமா? மீள விண்ணப்பிக்கக் காத்திருக்க வேண்டுமா? பழைய மறுப்பைப் புதிய படிவத்தில் சொல்லாமல் விடலாம் என்கிறார் ஒரு முகவர். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதில்

அந்த முகவரின் சொல்லை எக்காரணம் கொண்டும் கேட்காதீர்கள். எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்று படிவமே நேராகக் கேட்கிறது. அம்மாவின் கைரேகையும் ஏற்கெனவே பதிவில் உள்ளது. ஒருமுறை மறுக்கப்பட்டது என்பதற்காக மட்டும் அடுத்த விண்ணப்பம் கெட்டுவிடாது. ஆனால் அதை மறைத்தது ஏமாற்று என்று முடிவானால், 10 ஆண்டுகள் வரை அவருடைய விண்ணப்பங்கள் மறுக்கப்படக்கூடும்.

குடும்பத்தினரைப் பார்க்க வருவோருக்கு முன்பு இருந்த முழு மேன்முறையீட்டு உரிமை 2013 ஜூன் 25 முதல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது மனித உரிமை அடிப்படையில் மட்டுமே மேன்முறையீடு செய்யலாம். பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் பயணத்துக்கு அது கைகொடுப்பது அரிது. நீதிமன்ற மீளாய்வோ செலவு மிகுந்தது, முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்பதை மட்டுமே பார்ப்பது. ஆகவே புதிதாக விண்ணப்பிப்பதே உங்களுக்கு ஏற்ற வழி. அதற்குக் காத்திருப்புக் காலம் எதுவும் இல்லை. ஆனால் கட்டணத்தைத் திரும்பவும் கட்ட வேண்டும், அதே ஆவணங்களைக் கொடுத்தால் அதே பதில்தான் வரும்.

பணத்தைப் பொறுத்தவரை, மகன் தாய்க்குப் பணம் அனுப்புவதில் தவறு ஒன்றுமில்லை. அது அம்மாவின் சேமிப்புப் போலத் தோன்றியதால்தான் ஐயம் எழுந்திருக்கும். பயணச் செலவை உறவினர் ஏற்கலாம் என்று விதிகளே அனுமதிக்கும்போது அவருடைய கணக்கை நிரப்பிக் காட்டத் தேவையில்லை. செலவை நீங்களே ஏற்பதாக வெளிப்படையாக எழுதி, உங்கள் சம்பளச் சீட்டுகள், வங்கிக் கூற்றுகள், வதிவிட உரிமைக்கான சான்று, உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ், வீட்டில் அவருக்கு இடமுண்டு என்பதற்கான ஆதாரம் ஆகியவற்றை இணையுங்கள். முன்பு அனுப்பிய தொகை உங்கள் கணக்கிலிருந்து வெளியேறியதும் அவருடைய கணக்கில் சேர்ந்ததும் ஒன்றோடொன்று பொருந்துமாறு காட்டுங்கள். மாதந்தோறும் ஓய்வூதியம் வந்து சேரும் அவருடைய சாதாரணக் கூற்றே, திடீரென்று பெருகிய இருப்பைவிட நம்பத்தக்கது.

இன்னொரு பதில்

நாடு திரும்புவார் என்பதைக் காட்டக் காணி உறுதியை மட்டும் வைத்துப் பயனில்லை. வீடிருப்பவரும் திரும்பாமல் இருக்கலாம் என்றே அதிகாரி எண்ணுவார். ஓய்வூதியக் கடிதம், தம்பி குடும்பத்தோடு ஒரே வீட்டில் வசிப்பதைக் காட்டும் கிராம அலுவலர் சான்றிதழ் ஆகியவற்றோடு, இந்தியாவுக்கோ வேறு நாட்டுக்கோ சென்று உரிய காலத்தில் திரும்பியிருந்தால் அந்தப் பழைய கடவுச்சீட்டையும் சேருங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஒவ்வோர் ஆவணத்துக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையொப்பம், திகதி, தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி. என் மனைவி வேலைக்குத் திரும்பும் காலம் என்பதால், அம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்வார் என்று அழைப்புக் கடிதத்தில் எழுதலாமா?

பதில்

உறவினர் ஒருவர் குறுகிய காலம் வந்து குழந்தையைக் கவனிப்பதை வழிகாட்டுதல் தடுக்கவில்லை. ஆனால் அது குழந்தை பராமரிக்கும் வேலைக்கு ஆள் வைப்பதாக இருக்கக் கூடாது. மனைவி வேலைக்குச் செல்லும் நாளையும் ஆறு மாதத் தங்கலையும் ஒரே கடிதத்தில் படிப்பவர் அப்படித்தான் விளங்கிக்கொள்வார். விசா ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாகும் என்பதற்காக அத்தனை மாதமும் தங்குவதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு அல்லது எட்டு வாரம் என்று திட்டமிட்டு, பேரப்பிள்ளையோடு இருக்க வருகிறார் என்ற உண்மையை எழுதுங்கள். அந்தக் காலத்துக்கு மேல் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்ற ஏற்பாட்டையும், காப்பகத்தில் பதிந்திருந்தால் அந்தக் கடிதத்தையும் சேர்த்துவிடுங்கள். புதிய விண்ணப்பத்தோடு வைக்கும் விளக்கக் கடிதத்தில், மறுப்புக் கடிதத்தின் ஒவ்வொரு காரணத்தையும் அவர்கள் எழுதியபடியே எடுத்துக் காட்டி, அதற்கான பதில் எந்த ஆவணத்தில் உள்ளது என்று கீழே குறிப்பிடுங்கள். படிவத்தை நீங்கள் இலண்டனிலிருந்து நிரப்பினாலும், அனுப்புவதற்கு முன் அம்மாவுக்கு ஒவ்வொரு விடையையும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள், ஏனெனில் நேர்காணலுக்கு அழைத்தால் விடை சொல்ல வேண்டியவர் அவர்தான்.